கடைமடைக் கருந்துளை: சுருள் கேலக்ஸியில் வாயு போகும் வழியைத் தடம்பிடிப்பது எப்படி?

முத்தூர்ப் பக்கம் என் சித்தப்பாவுக்கு மூன்று ஏக்கர் காடு இருக்கிறது. கீழ்பவானி வாய்க்காலில் கடைமடை. பவானிசாகரில் கிளம்பும் அந்த வாய்க்கால் சுமார் 200 கிலோமீட்டர் ஓடி, இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் நனைக்கிறது. அணை திறந்த படம் பேப்பரில் வந்த அன்றைக்கு யாராவது அவரிடம், "அப்புறமென்னங்க, தண்ணி வந்துருச்சு" என்றால் அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும். அணைக்கும் அவர் காட்டுக்கும் நடுவே எத்தனை மதகு, எத்தனை கொப்பு வாய்க்கால், எவ்வளவு கசிவு என்பது அவருக்குத்தானே தெரியும்!

சுருள் கேலக்ஸியின் படத்தை முதன்முதலில் பார்க்கிறவர்களும் அந்தப் பேப்பர் படம் பார்த்தவரைப் போலத்தான் பேசுவார்கள். "ஓ, இந்தக் கைகள் வழியாக எல்லாம் சுழன்று போய் நடுவில் இருக்கிற கருந்துளைக்குள் விழுகிறது." அப்படி இல்லை. கை தொடங்கும் இடத்துக்கும் கருந்துளையின் வாய்க்கும் நடுவில் நாலைந்து மதகுகள் இருக்கின்றன. அவற்றை ஒரு படத்தை வைத்துக்கொண்டு நீங்களே வரிசையாகத் தேடிப் பிடிக்கத்தான் இந்த வழிகாட்டி. தொலைநோக்கி இப்போதைக்கு வேண்டாம். இணையம் உள்ள ஒரு போன், ஒரு நோட்டு, பென்சில் போதும்.

படம்: என்ஜிசி 1097 என்ற சுருள் கேலக்ஸி. தேடினால் இரண்டு வகைப் படம் கிடைக்கும். ஒன்று, சிலியில் இருக்கும் ஐரோப்பியத் தொலைநோக்கிகள் எடுத்த முழு கேலக்ஸி. இன்னொன்று, ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த நடுப்பகுதி. இரண்டையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கேலக்ஸி 4.5 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. நடுவில் உள்ள கருந்துளையின் நிறை ஏறக்குறைய 14 கோடி சூரியன்.

முதல் படி: ஏன் விழுவதில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதைத் தாண்டிக் குதிக்காதீர்கள். மற்ற எல்லாமே இதன்மேல்தான் நிற்கிறது.

கருந்துளை வாக்குவம் கிளீனர் மாதிரி எல்லாவற்றையும் உறிஞ்சும் என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள். நம் கேலக்ஸியான பால்வழியின் நடுவில் இருக்கும் கருந்துளை 43 லட்சம் சூரிய நிறை. கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் பால்வழியின் மொத்த நிறை ஏறக்குறைய ஒரு லட்சம் கோடி சூரியன். அதன் முன்னால் இந்தக் கருந்துளை சுண்டைக்காய். அதன் ஈர்ப்பு ஆட்சி செய்வது சுற்றியுள்ள சில ஒளியாண்டு தூரத்துக்கு மட்டும். நாமோ 26,000 ஒளியாண்டு தள்ளி இருக்கிறோம். நம்மை அது இழுப்பது கணக்கிலேயே வராது, நம்மைப் பிடித்து வைத்திருப்பதும் அது இல்லை.

அடுத்து, சுழற்சி. திருவிழாவில் மரணக்கிணறு பார்த்திருப்பீர்கள். பைக்காரர் பலகைச் சுவரில் ஏறிச் சுற்றிக்கொண்டே இருப்பார். வேகம் இருக்கும்வரை கீழே வரமாட்டார். வேகத்தைக் குறைத்தால்தான் இறங்க முடியும். கேலக்ஸியில் உள்ள வாயுவும் அப்படித்தான். நடுவை நோக்கி இழுப்பு இருக்கிறது, ஆனால் சுற்றும் வேகம் அதை விழவிடாமல் வைத்திருக்கிறது. இந்தச் சுற்றின் அளவுதான் பள்ளிக்கூடத்தில் படித்த கோண உந்தம்.

எவ்வளவு குறைய வேண்டும்? சூரியன் இருக்கும் தொலைவில் வாயு நொடிக்கு 220 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது. அது பால்வழிக் கருந்துளையின் விளிம்புக்குப் பக்கத்தில் போக வேண்டுமானால், அதன் கோண உந்தம் சுமார் 80 லட்சத்தில் ஒரு பங்காகக் குறைய வேண்டும். கணக்குப் போட விருப்பமுள்ளவர்கள் தூரத்தையும் வேகத்தையும் பெருக்கி இரண்டு இடத்துக்கும் ஒப்பிட்டுப் பாருங்கள். நான் போட்டபோது சுழியத்தை எங்கேயோ கூடப் போட்டுவிட்டேன் என்று நினைத்து மூன்று தரம் அழித்து எழுதினேன்.

இன்னொன்று. கோண உந்தம் அழியாது. ஒருவரிடம் குறைந்தால் இன்னொருவர் வாங்கியாக வேண்டும், கைமாத்துக் கடன் மாதிரி. ஆகவே ஒவ்வொரு படியிலும் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இங்கே வாயு தன் உந்தத்தை யாரிடம் கொடுக்கிறது?

இரண்டாம் படி: எந்தப் பக்கம் சுற்றுகிறது?

வெங்காயக் காட்டில் ஸ்பிரிங்ளர் சுற்றுவதைப் பாருங்கள். தலை ஒரு பக்கம் சுற்றும், பீய்ச்சும் தண்ணீர் எதிர்ப்பக்கம் வளைந்து பின்தங்கும். கேலக்ஸியின் கைகளும் பெரும்பாலும் இப்படிப் பின்தங்கித்தான் வளைகின்றன. படத்தில் நடுவில் விரலை வைத்து, ஒரு கையைப் பிடித்து வெளியே போங்கள். விரல் கடிகாரம் சுற்றும் திசையில் போனால், கேலக்ஸி அதற்கு எதிர்த்திசையில் சுற்றுகிறது. நோட்டில் ஒரு அம்புக்குறி போட்டு வையுங்கள், நாலாம் படியில் தேவைப்படும். (என்ஜிசி 4622 மாதிரி ஒன்றிரண்டு முரண்டு பிடிக்கும். தொடங்கும்போதே அதன் பக்கம் போகாதீர்கள்.)

மூன்றாம் படி: கைகள்

கை என்பது ஒரே விண்மீன்கள் வரிசையாகக் கட்டுண்டு சுற்றும் கயிறு இல்லை. அப்படி இருந்தால், உள்பக்கம் சீக்கிரம் சுற்றி, வெளிப்பக்கம் மெதுவாகச் சுற்றி, சில சுற்றிலேயே நூல்கண்டு மாதிரி இறுகியிருக்கும். 1964-ல் சி. சி. லின், ஃபிராங்க் ஷூ இருவரும் சொன்ன விளக்கம் அடர்த்தி அலை. திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு. பாரம் ஏற்றிய லாரி ஒன்று ஊர்ந்து ஏறுகிறது, பின்னால் வண்டிகள் சேர்கின்றன, இடம் கிடைத்ததும் ஒவ்வொன்றாக முந்திப் போகின்றன, புதிதாக வேறு வண்டிகள் வந்து சேர்கின்றன. நெரிசல் அப்படியே இருக்கிறது, அதில் இருக்கும் வண்டிகள்தான் மாறுகின்றன. எல்லாக் கேலக்ஸிக்கும் இந்த விளக்கம் பொருந்தாது. துண்டு துண்டாக உருவாகிக் கலையும் கைகளும் உண்டு. ஆனால் இரண்டு கை தெளிவாக ஓடும் படத்துக்கு இது நல்ல தொடக்கம்.

விண்மீன்கள் இந்த நெரிசலை உரசாமல் கடந்துவிடும், ஒன்றோடு ஒன்று மோதாது. வாயு மோதும். மோதும் இடத்தில் அதிர்ச்சி அலை கிளம்பி வாயு நெருக்கப்படுகிறது. படத்தில் கையின் ஓரமாக ஓடும் கறுப்புத் தூசிக் கோடும், அதை ஒட்டிய நீல, இளஞ்சிவப்புப் புள்ளிகளும் இதைக் காட்டுவன. புள்ளிகள் புதிதாகப் பிறந்த விண்மீன் கூட்டங்கள். பின்தங்கி வளையும் கைகள் கோண உந்தத்தை உள்ளிருந்து வெளியே கடத்துகின்றன என்று 1972-ல் லிண்டன்-பெல், கால்னாய்ஸ் இருவரும் காட்டினார்கள். உள்பக்க வாயு கொடுக்கிறது, வெளிப்பக்கம் வாங்கிக்கொள்கிறது. ஆனால் வேலை மெதுவாக நடக்கிறது. கையை மட்டும் நம்பினால் கடைமடைக்கு ஒரு சொட்டும் சேராது.

நாலாம் படி: நடுத்தண்டு

என்ஜிசி 1097-ல் கைகள் நடுவரைக்கும் போகவில்லை, கவனித்தீர்களா? நடுவில் நீளமான ஒரு தண்டு குறுக்கே கிடக்கிறது. அதன் இரண்டு முனையிலிருந்துதான் கைகள் கிளம்புகின்றன. பக்கத்துச் சுருள் கேலக்ஸிகளில் சுமார் மூன்றில் இரண்டில் இப்படித் தண்டு இருக்கிறது. நம் பால்வழியிலும் உண்டு.

இந்தத் தண்டுதான் தலைமதகு. இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

தண்டு என்பது பெரும்பாலும் வயதான விண்மீன்கள். எல்லாம் நீள்நீளமான பாதையில் போய் வந்துகொண்டிருக்க, தண்டின் வடிவம் மட்டும் ஒரே துண்டாக மெதுவாகச் சுற்றுகிறது. அதன் உள்ளே உள்ள வாயு தண்டைவிட வேகமாகச் சுற்றுகிறது, அதனால் தண்டை முந்துகிறது. முந்தி ஓடி அதன் முன்னோரமாகக் குவிந்து நெருக்கப்படுகிறது. இப்போது பாருங்கள்: வாயு முன்னால், தண்டின் பெருநிறை பின்னால். தண்டின் ஈர்ப்பு வாயுவைப் பின்னோக்கி இழுக்கிறது. முட்டி ஓடும் காங்கேயம் காளையை மூக்கணாங்கயிற்றைப் பிடித்துப் பின்னால் இழுத்தால் எப்படி? அது மாதிரி. வாயுவின் சுற்று குறைகிறது, அந்த உந்தத்தைத் தண்டு வாங்கிக்கொள்கிறது. சுற்று குறைந்த வாயு சரசரவென்று உள்ளே சரிகிறது.

இது நடக்கும் இடத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். தண்டின் மேல் இரண்டு மெல்லிய தூசிக் கோடுகள், நடுவுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. இரண்டும் தண்டின் நட்டநடுவில் ஓடாமல் ஓரமாக ஓடும். இரண்டாம் படியில் போட்ட அம்புக்குறியை எடுங்கள். கோடுகள் சுழலும் திசைக்கு முன்னோரத்தில் இருக்கின்றனவா? இருந்தால் நீங்கள் தலைமதகைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். முதல் தடவை எனக்கு அம்புக்குறி தப்பாகப் போய், கோடுகள் பின்னோரத்தில் இருப்பதாக ஒரு மணி நேரம் குழம்பினேன். விரலை வெளியிலிருந்து உள்ளே இழுத்திருக்கிறேன். அந்தத் தப்பை நீங்களும் செய்யக்கூடும்.

இதே பயிற்சியை என்ஜிசி 1300 படத்திலும் செய்து பாருங்கள். தண்டு இன்னும் எடுப்பாகத் தெரியும். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி எடுத்த 19 சுருள் கேலக்ஸிகளின் படங்கள் 2024 ஜனவரியில் வந்தன, அதில் இதுவும் இருக்கிறது. அந்தப் படங்களில் தூசி ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்வதால் வாய்க்கால் வரப்பெல்லாம் துல்லியமாகத் தெரியும். நடுவில் பெரிய சிவப்புக் கூர்முனைகள் கொண்ட ஒளிவெடிப்பு தெரிந்தால், அங்கே கருந்துளை தீவனம் தின்றுகொண்டிருக்கலாம். நெருக்கமான விண்மீன் கூட்டமும் அப்படித் தெரியும் என்பதால் உடனே முடிவுக்கு வந்துவிடாதீர்கள்.

ஐந்தாம் படி: வளையம்

இனி ஹப்பிள் எடுத்த நடுப்பகுதிப் படம். பளபளவென்று ஒரு வளையம் தெரிகிறதே, சுமார் 5,000 ஒளியாண்டு அகலம். தண்டு வழியாக இறங்கிய வாயு இங்கே வந்து தேங்கிவிட்டது. இந்த இடத்துக்கு உள்ளே பாதைகள் மறுபடி வட்டமாகிவிடுகின்றன, தண்டின் இழுப்பு எடுபடுவதில்லை. கயிறு கை நழுவிவிட்டது. தேங்கிய வாயு சும்மா இருக்குமா? நெருங்கி, உடைந்து, விண்மீனாகிறது. வளையத்தின் மினுக்கம் முழுக்க அந்தப் புது விண்மீன்கள்தான்.

கடைமடைக்காரர்களுக்குப் பழகிய கதைதான். வந்த தண்ணீரை நடுவிலேயே வேறு காட்டுக்குத் திருப்பிவிட்டார்கள்!

தண்டு உள்ள கேலக்ஸிகளில் எல்லாம் கருந்துளை கொழுத்துத் தின்ன வேண்டுமே என்று ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டுகள் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். அப்படிப் பளிச்சென்ற தொடர்பு எதுவும் கிடைக்கவில்லை. என்னைக் கேட்டால், இந்த வளையத்தைப் பார்த்த பிறகு அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. தலைமதகு திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கடைசிக் காட்டின் விளைச்சலைச் சொல்ல முடியாது.

ஆறாம் படி: வளையத்துக்கு உள்ளே

படத்தை நன்றாகப் பெரிதாக்குங்கள். வளையத்துக்கும் நடுப்புள்ளிக்கும் இடையில் முடி மாதிரி மெல்லிய தூசிச் சுருள்கள் தெரியும். இவைதான் கொப்பு வாய்க்கால். பெரிய கைகளோடு இவற்றைக் குழப்ப வேண்டாம், இவை தனி. வேறு சில கேலக்ஸிகளில் பெரிய தண்டுக்குள் சின்னத் தண்டு ஒன்று வேறு வேகத்தில் சுற்றுகிறது. "தண்டுக்குள் தண்டு" வழியாக வாயு இறங்கலாம் என்று ஷ்லோஸ்மன், ஃபிராங்க், பெகல்மன் மூவரும் 1989-ல் சொன்னார்கள். மேகங்கள் ஒன்றோடொன்று மோதுவது, பெரிய விண்மீன்கள் சாகும்போது நடக்கும் சூப்பர்நோவா வெடிப்புகள் வாயுவைக் கலக்கிவிடுவது எல்லாமும் கொஞ்சம் கொஞ்சம் உதவும். இங்கே ஒழுங்கான ஒரே வழி கிடையாது. இன்றைக்கு ஒரு மேகம் தப்பி உள்ளே விழும், அப்புறம் வெகுகாலம் ஒன்றும் வராது.

வாய்க்குப் பக்கத்தில் வந்த பிறகும் கைநழுவும். நம் பால்வழியில் கருந்துளையிலிருந்து ஓரிரு ஒளியாண்டுக்குள் நூறு போலப் பெரிய, இளம் விண்மீன்கள் சுற்றுகின்றன. வயது சில பத்து லட்சம் ஆண்டுகள்தான். அவ்வளவு தூரம் வந்த வாயு, கடைசி நேரத்தில் விண்மீனாக மாறிவிட்டது. இப்போது கருந்துளைக்குக் கிடைப்பது பெரும்பாலும் அந்த விண்மீன்கள் ஊதித் தள்ளும் காற்றுதான்.

ஏழாம் படி: கடைசிச் சுழல்வட்டு

இதைப் படத்தில் பார்க்க முடியாது, அவ்வளவு சின்னது. கருந்துளையைச் சுற்றித் தட்டு மாதிரி வட்டு அமைந்து, வாயு உரசிச் சூடாகி ஒளிர்கிறது. வட்டின் உள்ளே காந்தப்புலம் பின்னிப் பிடித்து உந்தத்தை வெளிப்பக்கம் தள்ளுகிறது. பால்பஸ், ஹாலி 1991-ல் இதை விளக்கினார்கள். விழும் நிறையில் சுமார் 10 சதவீதம் ஆற்றலாக வெளியே வரும். ஹைட்ரஜன் அணுக்கள் இணைவதில் வருவது 0.7 சதவீதம்தான். ஒரு கருந்துளை கேலக்ஸி முழுவதையும் மிஞ்சி ஒளிர்வது இதனால்தான்.

எட்டாம் படி: நம் வீட்டுக் கணக்கு

நோட்டை எடுங்கள். பால்வழியின் தண்டு, நடுவில் ஆயிரம் ஒளியாண்டுக்கு மேல் அகலமுள்ள வாயு வட்டாரத்துக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சூரிய நிறை வாயுவைக் கொண்டுவந்து சேர்க்கிறது என்பது மதிப்பீடு. கருந்துளையின் விளிம்புக்குப் போய்ச் சேர்வது? ஆண்டுக்கு சூரிய நிறையில் பத்துக் கோடியில் ஒரு பங்கு அளவுக்குத்தான்.

இன்னொரு பக்கமாகவும் சரிபாருங்கள். வந்ததெல்லாம் உள்ளே போயிருந்தால், 100 கோடி ஆண்டில் கருந்துளை 100 கோடி சூரிய நிறைக்கு வளர்ந்திருக்கும். இருப்பதோ 43 லட்சம். மீதி எங்கே? கொஞ்சம் விண்மீனாகிவிட்டது, கொஞ்சத்தை வெடிப்புகள் திருப்பி வெளியே தள்ளிவிட்டன, கொஞ்சம் இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

எப்போதும் இப்படிப் பட்டினி என்றும் இல்லை. 2010-ல், காமா கதிர்களைப் பார்க்கும் ஃபெர்மி விண்கலத்தின் தரவில் பால்வழித் தட்டுக்கு மேலும் கீழும் ஒவ்வொன்றும் 25,000 ஒளியாண்டு உயரமுள்ள இரண்டு குமிழிகள் தெரிந்தன. சில பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன் நம் கருந்துளை வயிறாரச் சாப்பிட்டு ஏப்பம் விட்டதன் தடயம் என்று பலர் கருதுகிறார்கள். விண்மீன்கள் கொத்தாக வெடித்ததாலும் வந்திருக்கலாம். கீழ்பவானியில் ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்களே, இங்கேயும் முறை உண்டு. தேதி குறித்த அரசாணைதான் இல்லை.

ஒரு எச்சரிக்கையையும் சொல்லிவிடுகிறேன். கருந்துளை வளர இது ஒன்றுதான் வழி என்று நினைத்துவிடாதீர்கள். 2019-ல் கருந்துளையின் முதல் படம் வந்ததே, அது இருக்கும் எம் 87 கேலக்ஸியில் கையும் இல்லை, தண்டும் இல்லை. ஆனால் கருந்துளை 650 கோடி சூரிய நிறை. கேலக்ஸிகள் ஒன்றோடொன்று மோதிச் சேர்வது வேறு வழி, அது வேறு கட்டுரை.

இனி வானம்

படத்தில் பழகியபின் நேரில் பாருங்கள். கொங்கு நாடு 11 டிகிரி அட்சரேகையில் இருப்பது பெரிய வசதி, தெற்கு வானம் நன்றாக ஏறி வரும். பால்வழியின் நடு இருக்கும் திசை, தேளின் வாலுக்கும் தனுசுவுக்கும் இடையில். தேளின் வால்தான் நம் மூல நட்சத்திரம். "மூலம் என்று பெயர் வைத்தவர்களுக்குக் கருந்துளை தெரிந்திருக்கிறது" என்று வாட்ஸப்பில் ஒன்று சுற்றும், அதை அனுப்புகிறவரிடம் வாதாட வேண்டாம். சித்திரையில் விடிவதற்கு முன் மூன்று, நாலு மணிக்குத் தெற்கே பாருங்கள். ஆடி, ஆவணியில் சாயங்காலமே தெரியும், ஆனால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேகத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

கண்ணுக்கு நடு தெரியாது, தூசி மறைத்துவிடும். அகச்சிவப்பு, ரேடியோ அலை போன்றவை தூசியைத் தாண்டி வரும். ரேடியோ தொலைநோக்கி எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமா? மேட்டுப்பாளையம் வழியாக மலை ஏறி ஊட்டி முத்தொரைக்குப் போங்கள். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்தில் 1970-லிருந்து மலைச்சரிவில் நிற்கிறது. அந்தச் சரிவின் சாய்வும் அந்த இடத்தின் அட்சரேகையும் ஒன்று, ஏறக்குறைய 11 டிகிரி. அதனால் ஒரே அச்சில் திருப்பினாலே வானத்தைத் தொடர்ந்துபோக முடிகிறது. அதைக் கட்டிய ரேடியோ வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தேடித் தேடிப் பிடித்த சரிவு அது.

தை மாத அமாவாசையை ஒட்டிய இரவுகள்தான் எனக்குப் பிடித்தவை. மழைக்காலம் முடிந்து வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கும். எட்டு மணிக்கு எம் 77 என்ற சுருள் கேலக்ஸி தலைக்கு மேலிருந்து கொஞ்சம் மேற்கே சாய்ந்து நிற்கும். 4.7 கோடி ஒளியாண்டு. ஒளிமிக்க நடுவைக் கொண்ட சுருள் கேலக்ஸிகளை 1943-ல் கார்ல் சீஃபர்ட் பட்டியலிட்டபோது அதில் இருந்தது. ஆறு அங்குலத் தொலைநோக்கியில், ஊர் வெளிச்சம் இல்லாத இடத்தில், சின்னப் புகைத் திட்டாகத் தெரியும். நடுவில் விண்மீன் மாதிரி ஒரு புள்ளி. அதே நேரத்தில் தெற்கே பாதி உயரத்தில் நம் என்ஜிசி 1097 இருக்கும். அதற்கு எட்டு அங்குலம் இருந்தால் நல்லது. கை, தண்டு எதுவும் தெரியாது, ஏமாறாதீர்கள்.

போன தையில் தொலைநோக்கியைச் சித்தப்பா காட்டுக்கே கொண்டுபோனேன். களத்துமேட்டில் நிறுத்தி எம் 77-ஐக் காட்டினேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"நடுவால மினுக்குதே, அதா?"

"ஆமாங்க சித்தப்பா. உள்ளே விழற வாயு சூடாகித்தான் அந்த வெளிச்சம்."

"அப்ப இதுக்கு இப்ப முறை நடக்குது." கண்ணை எடுக்காமலே கேட்டார்: "நம்முளுது?"

"நம்முளுது அடைச்சுக் கெடக்குங்க."

"அதானே," என்றார்.